ஆட்டத் தோழிக்கு ஓர் அன்பளிப்பு

பிறந்தநாள், கிறிஸ்துமஸ், பத்தாம் வகுப்பின் பிரிவுபசார விழா என நாம் பரிசு கொடுக்கும் நாட்கள் பல. கடையில் வாங்கும் பேனாவும் பொம்மையும் எவருக்கும் பொருந்தும். ஆனால் நம்மோடு அமர்ந்து ஆடும் தோழிக்குத் தரும் பரிசு அவளுக்கென்றே அமைய வேண்டும். அவள் எங்கே, எப்பொழுது, எப்படி ஆடுகிறாள் என்பதை அறிந்து நம் கையாலேயே செய்வது சிறப்பு.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. ஆடுவோர் வீரன், மந்திரவாதி போன்ற பாத்திரங்களை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்வர். இருபது முகப் பகடைகூட அதில் உண்டு! கூட்டாளிக்குப் பகடைப் பை தைத்தும், அவர் ஏற்ற பாத்திரத்தைச் சிறு உருவமாகச் செய்தும் பரிசளிப்பார்கள். நமக்கும் பகடை புதிதன்று. கீழடி அகழாய்வில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. நம் பாட்டிமார் ஆடிய தாயத்திற்கு ஒரு விரிப்புச் செய்யும் முறையை இங்குக் கூறுகிறேன்.

35 செ.மீ. சதுரமான காடாத் துணியின் ஓரத்தை மடித்துத் தையுங்கள். நடுவே 25 செ.மீ. சதுரம் வரைந்து, 5 செ.மீ. இடைவெளியில் கோடுகள் இட்டால் 25 கட்டங்கள் கிடைக்கும். கோடுகளைச் சங்கிலித் தையலால் நிரப்புங்கள். நான்கு பக்கங்களின் நடுக்கட்டத்திலும் மையக் கட்டத்திலும் பெருக்கல் குறி தையுங்கள். பக்கக் குறிகளில் நிற்கும் காயை எதிரி வெட்ட முடியாது. மையமே காய் பழுக்கும் இடம். இருவர் ஆடுவதற்கு இரண்டு நிறங்களில் நான்கு நான்கு பொத்தான்கள் போதும்.

பகடைக்கு ஒரே அளவான நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கரடுமுரடான கல்லில் வெள்ளை தெரியும்வரை தேயுங்கள். பின்பு ஒவ்வொன்றையும் ஐம்பது முறை எறிந்து பாருங்கள். ஏறக்குறைய பாதி முறை வெள்ளை விழ வேண்டும். அப்படியானால் நான்கும் விழக்கூடிய 16 வகைகளில், ஒரு வெள்ளை விழுவது 4, இரண்டு விழுவது 6, மூன்று விழுவது 4. நான்கும் வெள்ளையாவது ஒன்று, நான்கும் கறுப்பாவது ஒன்று. எப்போதும் ஒரே பக்கம் விழும் கொட்டை எவ்வளவு அழகாயினும் அதை ஒதுக்கிவிடுங்கள். நேர்மையில்லாத பகடை நட்புக்கு ஆகாது.

பித்தளைத் தாயக்கட்டை இருக்கப் புளியங்கொட்டை எதற்கு என்று கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் உறங்கும் தந்தையர் பலர். சிமெண்டுத் தரையில் கட்டை உருண்டால் அவர்கள் உறக்கம் கலையும். அதற்கு அஞ்சி விடுமுறையிலும் ஆடாமல் இருக்கும் தோழிக்குத் துணிமேல் ஓசையின்றி விழும் கொட்டைகள் எத்தனை பெரிய பரிசு! எல்லாவற்றையும் பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் சிறு பனையோலைப் பெட்டியிலோ, மீந்த துணியில் தைத்த சுருக்குப் பையிலோ வைத்துக் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. தாயத்தின் விதிகள் வீட்டுக்கு வீடு வேறுபடும். தாயம் விழுந்த பிறகுதான் காய் இறங்கலாமா? வெட்டினால் மறுபடியும் எறியலாமா? நான்கும் கறுப்பானால் எத்தனை? நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட விதிகளை ஓர் அட்டையில் அழகாக எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வேலையின் பொருட்டு இங்கு வந்த குடும்பங்கள் பல. தந்தையின் வேலை மாறினால் தோழியும் வேறு ஊருக்குப் போய்விடுவாள். அங்கே நம்மைப்போல் ஆடுபவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த அட்டை இருந்தால், அவள் புதிய தோழி ஒருத்திக்கு நம் ஆட்டத்தைக் கற்றுக் கொடுப்பாள்.

ஆகவே தோழியரே, தேர்வு முடிந்ததும் ஊசியும் நூலும் எடுங்கள். பிரிந்து செல்பவளின் கையில் நம் ஆட்டத்தையே கொடுத்தனுப்புவோம்!