பறவைகளும் ஒரு சமுதாயமே!



இரவு உறங்கச் செல்லுமுன் 'தபாரக்' சூராவை ஓதுகின்ற நல்வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. முப்பது வசனங்களைக் கொண்ட அந்த அத்தியாயத்தின் 19ஆவது வசனத்தில் இறைவன் நம்மிடம் ஒரு வினாத் தொடுக்கின்றான். தங்களுக்கு மேலே சிறகுகளை விரித்தும் ஒடுக்கியும் பறக்கின்ற பறவைகளை மனிதர்கள் பார்க்கவில்லையா என்பதே அவ்வினா. அளவற்ற அருளாளனையன்றி வேறெவரும் அவற்றை வானத்தில் தாங்கி நிற்கவில்லை என்று அதே வசனம் தொடர்ந்து உணர்த்துகின்றது.

இரவுதோறும் இவ்வினாவை நாம் ஓதுகின்றோம். ஆனால் அதற்கு விடை கூறியிருக்கின்றோமா? பறவைகளைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், காகத்தையும் புறாவையும் கண்டதுண்டு என்போம். இறைவன் கேட்பது அந்தப் பார்வையன்று. நின்று நோக்கி, நெஞ்சில் நிறுத்தி, படைத்தவனை நினைக்கின்ற பார்வையையே அவன் கேட்கின்றான். அன்நஹ்ல் அத்தியாயம் 79ஆம் வசனத்திலும் இதே கேள்வி எழுகின்றது. அந்நூர் அத்தியாயம் 41ஆம் வசனமோ, சிறகு விரித்த பறவைகள் ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கின்றது என்கின்றது. அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பூமியில் ஊர்வனவும் இரு சிறகுகளால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கின்றது. மனிதர்களைக் குறிக்கும் 'உம்மத்' என்ற சொல்லின் பன்மையையே அங்கே இறைவன் ஆண்டிருக்கின்றான் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

அந்தச் சமுதாயத்தைக் காணச் செல்வதும் ஒரு நற்பயணமே. அதனை எங்ஙனம் காண்பது, எத்தகைய ஒழுக்கத்துடன் காண்பது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே

சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், மதுராந்தகத்திற்கு அருகே வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா என்று பல இனங்கள் ஒரே மரத்தைப் பங்கிட்டு வாழ்வதை அங்கே காணலாம். கடுங்குளிரால் நீர்நிலைகள் உறைந்துபோகும் வடதேசங்களிலிருந்து வாத்தினங்களும் வந்து சேருகின்றன.

இவ்வேரியைக் காண ஏற்ற நேரம் இரண்டு. ஒன்று, சுபுஹுத் தொழுகைக்குப் பின்னுள்ள வேளை. மற்றொன்று, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளை. காலையில் பறவைகள் சாரிசாரியாக வயல்களையும் பிற நீர்நிலைகளையும் நாடிப் புறப்படுகின்றன. மாலையில் இரை நிறைந்த வயிற்றுடன், குஞ்சுகளுக்கும் உணவு கொண்டு திரும்புகின்றன. அக்காட்சியைக் காணும்போது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நபிமொழி நினைவுக்கு வராமல் இராது. அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டிய முறையில் நீங்கள் தவக்குல் வைத்தால், காலையில் பசித்த வயிற்றுடன் சென்று மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்பும் பறவைக்கு உணவளிப்பது போன்று உங்களுக்கும் அளிப்பான் என்பது அந்நபிமொழியின் கருத்து. திர்மிதீயில் இது பதிவாகியுள்ளது. பறவை கூட்டிலேயே அமர்ந்து இரையை எதிர்பார்க்கவில்லை, புறப்பட்டுச் செல்கின்றது. ஆகவே தவக்குல் என்பது முயற்சியை விடுவதன்று என்று உலமாப் பெருமக்கள் இதற்கு விளக்கம் தந்துள்ளனர். கிதாபில் படித்த அந்த விளக்கத்தை வேடந்தாங்கலில் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு கிராமம் பெற்ற கவுல்

இந்த ஏரிப் பறவைகளை முதலில் காத்தது அரசாங்கமன்று, அவ்வூர் உழவர்களே. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகின்றது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். கும்பெனிச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுடவே, ஊரார் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு ஊராருக்கு ஒரு 'கவுல்' வழங்கினார். 'கவுல்' என்பது 'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். சொல், வாக்கு என்பது அதன் பொருள். கொடுத்த அந்த வாக்கு இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றது. பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தங்கள் பண்டிகையிலும் வெடி வெடிக்காத மக்கள் அவர்கள். 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இவ்வேரி இடம்பெற்றது. நம் அண்டை வீட்டாராகிய அவ்வுழவர்களின் இப்பண்பை நாம் மனமாரப் போற்ற வேண்டும்.

நிழலிலிருந்தும் விரட்டக் கூடாது

சரணாலயம் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. ஹஜ் செய்து திரும்பிய பெரியோர்களைக் கேளுங்கள். மக்காவின் புறாக்கள் மனிதரைக் கண்டு அஞ்சாத காரணத்தை அவர்கள் கூறுவார்கள். ஹரம் எல்லைக்குள் வேட்டை ஹராம். அங்கே ஒரு புறாவைக் கொன்றவர் அதற்கு ஈடாக ஓர் ஆட்டைக் கொடுக்க வேண்டும் என்பது சஹாபாக்களின் தீர்ப்பு. நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் அதுவே. சிறு புறாவுக்கு ஈடு ஓர் ஆடு!

அதுமட்டுமன்று. ஹரமின் வேட்டைப் பிராணியை வெருட்டவும் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விலக்கியுள்ளார்கள். 'வெருட்டுதல்' என்றால் என்ன என்பதற்கு, ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரான இக்ரிமா அவர்கள் அளித்த விளக்கம் புகாரீயில் காணப்படுகின்றது. நிழலில் ஒதுங்கியிருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் நாம் அமர்ந்துகொள்வதே அது என்றார்கள். எத்துணை நுட்பமான விளக்கம்!

ஹரமின் சட்டம் ஹரமுக்கே உரியது. வேடந்தாங்கலுக்கு அச்சட்டம் இல்லை. ஆனால் அச்சட்டம் கற்பித்த ஒழுக்கத்தை ஹஜ்ஜோடு விட்டுவிட்டு வருவது முறையா? நண்பகல் வெயிலில் நாரை தன் குஞ்சுகளின் மேல் சிறகை விரித்துக் குடையாக நிற்கும். கரையில் நிற்பவர் கூச்சலிட்டால், கல்லெறிந்தால், தாய் எழுந்து பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் குஞ்சுகள் வெயிலில் வாடும், காகத்திற்கு இரையாகவும் கூடும். இங்கு நாம் பறித்தது மரத்தின் நிழலையன்று, தாயின் நிழலை!

ஒரு பயணத்தின்போது சஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதனைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது.

"ஹலால்தானே?" என்போருக்கு

கொக்கும் மடையானும் உள்ளானும் வலையில் பிடிபட்டுச் சாலையோரத்தில் விலைக்கு வருவதுண்டு. "பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தால் ஹலால்தானே?" என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, விடையையும் முழுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்ணத்தக்க பறவையை உணவுக்காக வேட்டையாடுவதை ஷரீஅத் அனுமதித்துள்ளது; அதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அனுமதி என்பது கட்டளையன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கின்றது. நாட்டின் சட்டத்தை ஏற்று வாழ்வது நாம் அளித்துள்ள வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றுமாறு திருமறை பணிக்கின்றது. மேலும், உண்பது ஹலாலாக இருப்பதுடன் தய்யிபாகவும், அதாவது தூயதாகவும், இருக்க வேண்டுமென்று அல்பகரா 168ஆம் வசனம் கூறுகின்றது. கூட்டில் குஞ்சுகள் வாய் திறந்து காத்திருக்க, வலையில் சிக்கிய தாயின் இறைச்சியைத் தய்யிப் என்று எவ்வாறு கூறுவது?

விளையாட்டுக்காகக் கொல்வதற்கோ அனுமதியே இல்லை. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற ஹதீஸ் நஸாயீயில் இடம்பெற்றுள்ளது. உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களைக் கண்ட ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள், இத்தகைய செயலைச் செய்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று எச்சரித்தார்கள்.

ஒரே தேதி, இரு செய்திகள்

ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்னும் ஊரில் கேவலாதேவ் என்ற சதுப்பு நிலம் உள்ளது. ஒரு காலத்தில் அது மன்னர்களின் வாத்து வேட்டைக் களம். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் குழுவினர் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. அவ்வெண்ணிக்கை பெருமையுடன் கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் அங்கே நிற்கின்றது.

அதே நவம்பர் 12ஆம் தேதியில், 1896ஆம் ஆண்டு, பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் ஸாலிம் அலி. சிறு வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அஃது என்ன பறவை என்னும் ஐயத்துடன் மாமனிடம் சென்றார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அந்த ஐயம் ஒரு வாழ்நாளின் கல்வியாயிற்று. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1987இல் மறையும் வரை பறவைகளையே ஆராய்ந்தார். பரத்பூர் காப்பாற்றப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1985இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

ஆயினும் ஒரு துயரச் செய்தி உண்டு. சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த வெண்ணிறக் கொக்குகள் 2002ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு வரவில்லை. வரும் வழியில் வேட்டையாடப்பட்டது ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகின்றது. அவ்வழியில் வாழ்வோர் பெரும்பாலும் கலிமாச் சொன்ன நம் சகோதரர்களே என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. இறைவன் 'உம்மத்' என்றழைத்த ஒரு கூட்டம் நம் கண்முன்னே வழி மறைந்து போயிற்று.

கூண்டிலுள்ள கிளி

நம் வீட்டுத் திண்ணைகளைப் பற்றியும் ஒரு சொல். பச்சைக்கிளியைக் கூண்டிலடைத்து ஸலாம் சொல்லப் பழக்குவோர் உண்டு. சிறுவர் அபூ உமைர் (ரலி) ஒரு சிறு குருவியை வைத்திருந்ததும், அது இறந்தபோது நபியவர்கள் (ஸல்) அச்சிறுவரிடம் அன்புடன் அதைப் பற்றி விசாரித்ததும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களைத் தொகுத்தளித்தார்கள். பசியும் தாகமும் இன்றிப் பேணினால் பறவையை வைத்திருக்கலாம் என்று இதிலிருந்து சட்டம் கூறியோர் உண்டு. எனினும் பச்சைக்கிளி போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டிலடைப்பது இன்று சட்டப்படி குற்றம். அதைவிட, குழந்தையின் துயரை விசாரித்த அந்த அன்பே அந்த ஹதீஸில் நாம் முதலில் கற்க வேண்டியது. குழந்தைக்குக் கிளி வேண்டுமெனில், கிளிகள் கூட்டமாய்ப் பறக்கும் தோப்புக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புறப்படுங்கள், குடும்பத்துடன்

நாகூருக்கும் முத்துப்பேட்டைக்கும் செல்கின்ற குடும்பங்கள் பல. அதே கடற்கரையில் கோடிக்கரைச் சரணாலயம் இருக்கின்றது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் அங்குள்ள ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. நெல்லைச் சீமையினருக்குக் கூந்தன்குளம் உண்டு. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தை அங்கே காணலாம். இவ்விடங்களுக்கு ஆண்கள் மட்டும் சென்று வருவது போதாது. வீட்டுப் பெண்களையும், பெற்றோரையும், மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஓதுகின்ற வசனம் அவர்களுக்கும் உரியதன்றோ?

செல்லும்போது சில ஒழுக்கங்களைப் பேணுங்கள். உரத்த பேச்சும் பாட்டும் வேண்டாம். பகட்டான நிறமின்றி மங்கலான ஆடை அணியுங்கள். கூட்டை நெருங்காதீர்கள், பைனாகுலர் இருந்தால் தொலைவிலிருந்தே தெளிவாகக் காணலாம். தின்பண்டங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் கரையில் எறியாதீர்கள். தொழுகை நேரம் வந்தால் ஓரிடத்தில் ஒதுங்கித் தொழுதுகொள்ளுங்கள். தஸ்பீஹ் செய்யும் ஒரு சமுதாயத்தின் நடுவே நீங்களும் ஸஜ்தாவில் இருப்பீர்கள்.

பிள்ளைகளுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். கொண்டலாத்தியைக் கண்டால், ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தி கொணர்ந்த ஹுத்ஹுத் இதுவே என்று காட்டுங்கள். குளிர்காலத்தில் வேலியில் அமர்ந்திருக்கும் கீச்சானைக் கண்டால், ஹுத்ஹுதுடன் சேர்த்து, கொல்லக் கூடாதென்று நபியவர்கள் (ஸல்) விலக்கிய நான்கு உயிர்களுள் இதுவும் ஒன்று என்று கூறுங்கள். எறும்பும் தேனீயும் மற்ற இரண்டு. அதன்பின் அப்பிள்ளையின் கை கல்லெடுக்கத் தயங்கும்.

அன்று இரவு வீடு திரும்பித் 'தபாரக்' ஓதும்போது, 19ஆம் வசனத்தில் ஒரு கணம் நில்லுங்கள். பார்க்கவில்லையா என்று இறைவன் கேட்பான். "பார்த்தோம், யா அல்லாஹ்! நீயே அவற்றைத் தாங்குகின்றாய்" என்று உள்ளம் பதில் கூறட்டும்.

தன் படைப்புகளைக் கண்டு சிந்திக்கின்ற கண்களையும், அவற்றிடம் இரக்கம் காட்டுகின்ற இதயங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.