உங்களுக்குத் தெரியுமா? முறுக்கிய கயிற்றை வெட்டாத கத்தி

ஒடுகத்தூர் அடங்கிய வேலூர்–ஆம்பூர் வட்டாரத்து டேனரிகளில், சுண்ணாம்பு நீக்கிய தோலை நொதி கலந்த நீரில் டிரம்மில் சுழற்றி மிருதுவாக்குவார்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதற்கு நாய்க் கழிவும் புறா எச்சமும்தான். (அந்த நாற்றத்தை நினைத்துப் பாருங்கள்!) அவற்றுக்கு மாற்றாகக் கணைய நொதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், 1907-ல் நிறுவனம் தொடங்கிய ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம்.

கணைய நொதிகளில் ஒன்று டிரிப்சின். புரதச் சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்துத்தான் அது வெட்டும். அதற்கும் அந்த இடம் நொதியின் பள்ளத்துக்குள் பொருந்தி உட்கார வேண்டும். தோலுக்கு வலுத்தரும் கொலாஜனிலும் அந்த அமிலங்கள் உண்டு. ஆனால் மூன்று இழைகள் இறுக முறுக்கிய கயிறு அது, பள்ளத்துக்குள் நுழையாது. இந்தக் கயிறுகளுக்கு இடையே கிடக்கும் மற்ற புரதங்களே வெட்டுப்படுகின்றன. நீர் அதிகம் சூடானாலோ கொலாஜனின் முறுக்கு அவிழும்; அப்போது தோலுக்கே ஆபத்து.