உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் பிறந்த திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் கோயில் பீடத்தருகே பச்சைத் தழை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் நிற்குமே, அந்த வழக்கம் கோயிலில் தொடங்கியதல்ல; ஏழைப் பிள்ளைகள் வளர்ந்த ஓர் இல்லத்தில் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் 1833-இல் அந்த இல்லத்தைத் திறந்தார். “கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?” என்று பிள்ளைகள் அவரைத் தினமும் துளைத்தெடுப்பார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் 20 சிறிய சிவப்புத் திரிகளையும் 4 பெரிய வெள்ளைத் திரிகளையும் நட்டார். வார நாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. நாளுக்கொரு திரி கூடுதலாக எரியும். அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1-இல் வந்ததால் கணக்கு 24-இல் முடிந்தது. பிள்ளைகள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எரியாத திரிகளை எண்ணினால் போதும்.

சக்கரத்தைச் சுற்றி ஊசியிலைத் தழை வைப்பது பிறகு சேர்ந்தது. வீடுகளுக்குப் பரவியபோது ஞாயிறுத் திரிகள் நான்கு மட்டும் தங்கின. கத்தோலிக்கக் கோயிலொன்றில் இந்த வளையம் முதன்முதலில் தொங்கியது 1925-இல், கொலோன் நகரில். விக்கெர்னின் பிள்ளைகள் பார்த்து 86 ஆண்டுகள் கழித்து!

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பழைய சக்கரமே பொருத்தம் என்பேன். ஒரு வாரம் காத்திருப்பது ஐந்து வயதுக்கு மிக நீளம். பெரிய தாம்பாளத்தில் மணல் பரப்பித் திரிகளை ஊன்றலாம். சுற்றிலும் வைக்க நம் ஊரில் சவுக்குக் கொப்பு இருக்கவே இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப செபத்தில் ஏற்றி, ஒரு வாசகம் வாசித்து, முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். முதல் வாரம் கடைக்குட்டி, இரண்டாம் வாரம் மூத்த பிள்ளை, மூன்றாம் வாரம் அம்மா, நான்காம் வாரம் அப்பா என்று ஏற்றும் குடும்பங்களும் உண்டு.

கோயில் வளையத்தின் நான்கு திரிகளில் மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஊதா மனமாற்றத்துக்கு, ரோஜா மூன்றாம் ஞாயிறுக்கு. அது மகிழ்ச்சி ஞாயிறு.

அதே மூன்றாம் ஞாயிறன்று ரோமாபுரிச் சிறுவர் சிறுமியர் தங்கள் வீட்டுக் குடிலில் வைக்கப்போகும் குழந்தை இயேசு சுரூபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு புனித பேதுரு சதுக்கத்துக்கு வருவார்கள். திருத்தந்தை அவற்றை ஆசீர்வதிப்பார். இதைத் தொடங்கிவைத்தவர் ஆறாம் பவுல், 1969-இல். நம் பங்குகளிலும் இதைச் செய்யலாமே. பிள்ளையின் கையில் வந்து மந்திரிக்கப்பட்டுத் திரும்பும் சுரூபம், கிறிஸ்துமஸ் இரவு வரை அலமாரியில் காத்திருக்கும். குடிலின் தீவனத்தொட்டி அதுவரை காலியாகவே இருக்கும். சில வீடுகளில் பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் அந்தத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடுவார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு மெத்தை அப்படித்தான் தயாராகும்.

திருவருகைக் கால நாட்காட்டி இன்று சாக்லேட்டோடு கடையில் கிடைக்கிறது. அதன் மூலத்தில் ஒரு தாய் இருக்கிறார். ஜெர்மனியின் மவுல்பிரான் ஊரில் கெர்ஹார்ட் லாங் என்ற சிறுவனுக்கு அவன் அம்மா 24 சின்ன பிஸ்கட்டுகளை அட்டையில் தைத்துக் கொடுப்பாராம், நாளுக்கு ஒன்று என்று. அந்தப் பையன் வளர்ந்து மியூனிக்கில் அச்சுத் தொழிலில் இறங்கியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்காட்டியை அச்சிட்டு விற்றார். திறக்கும் சின்னக் கதவுகள் 1920-களில் வந்தன. அவருக்கும் முன்பே ஜெர்மன் குடும்பங்கள் கதவில் 24 சுண்ணக்கோடுகள் இழுத்து, தினம் ஒன்றாக அழித்திருக்கின்றன. செலவே இல்லாத அந்த நாட்காட்டி எந்த வீட்டுக்கும் எட்டும்.

டிசம்பரில் நம் வாசல்களில் ஸ்டார் தொங்குகிறதல்லவா? ஜெர்மனியில் பல முனைகள் கொண்ட நட்சத்திரம் மொரேவியச் சபையாரின் விடுதிப் பள்ளியில் பிறந்தது, 1800-களின் முற்பாதியில். பெற்றோர் தூர தேசங்களில் ஊழியம் செய்ய, பிள்ளைகள் விடுதியில் இருந்தார்கள். வடிவியல் பாடமாகச் செய்த காகித நட்சத்திரத்தைத் திருவருகைக் காலத்தில் ஏற்றித் தொங்கவிட்டார்கள். இன்று வழக்கமாக அதற்கு 25 முனைகள்: 17 நாற்கரம், 8 முக்கோணம். முதல் ஞாயிறன்று குடும்பமாக உட்கார்ந்து அதைக் கோப்பது அங்கே வழக்கம்.

டிசம்பர் 4 புனித பார்பரா திருநாள். அன்று ஜெர்மன் வீடுகளில் செர்ரிக் கிளையை வெட்டி நீரில் வைப்பார்கள், கிறிஸ்துமஸுக்குப் பூத்துவிடும். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் அதே நாளில் தட்டுகளில் கோதுமை முளைக்க வைப்பார்கள். குடிலுக்காகக் கேழ்வரகோ கடுகோ தூவிப் புல் வளர்க்கும் நம் வீட்டாருக்கு இது புதிதல்ல.

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் காலம் எங்கும் ஒரே நீளமல்ல. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். மீனும் இறைச்சியும் விலக்கு. மிலானில் திருவருகைக் காலம் நான்கு வாரமல்ல, ஆறு வாரம்.

நம் முறையில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-இலிருந்து டிசம்பர் 3-க்குள்தான் வரும். அதனால் இந்தக் காலம் 22 நாளாகவும் இருக்கலாம், 28 நாளாகவும் இருக்கலாம். 2023-இல் 22 நாள். நான்காம் ஞாயிறு டிசம்பர் 24 அன்றே வந்தது. காலையில் நான்காம் திரி, இரவில் கிறிஸ்துமஸ் திருப்பலி. அடுத்து 2028-இலும் அப்படித்தான். அந்த ஆண்டு குடில் வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.