வீட்டு வாயிலும் ஊர்த் தெருவும்

முன்னாளில் மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவர், வீடு கட்டும்போதே வண்டி கொல்லைப்புறம் செல்ல ஒரு சந்து விட்டுக் கட்டினார். இன்று மனைகள் சிறுத்துவிட்டன; வண்டிகளோ பெருகிவிட்டன. மனை முழுவதிலும் வீட்டைக் கட்டிவிட்டுக் காரையும் டிராக்டரையும் தெருவில் நிறுத்துகிறோம். உள்ளே ஏற்ற விரும்புவோர் சாய்தளத்தைத் தெருவின்மேல் போடுகின்றனர்.

தெரு யாருடையது? 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 125ஆம் பிரிவுப்படி, கிராமத்துப் பொதுத் தெருக்களும் அவற்றைச் சார்ந்த வடிகால்களும் ஊராட்சிக்கு உரியவை. அவற்றில் சுவரோ வேலியோ வேறு தடையோ அமைத்தலை 131ஆம் பிரிவு தடுக்கிறது. 'என் வீட்டு வாசல்தானே' என்ற வாதம் எல்லைக்கல்லுடன் முடிந்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கார் ஒன்று நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்கின்றன; அதாவது சுமார் 8 அடிக்கு 16½ அடி. வீட்டின் முன்புறம் ஐந்தடி மட்டும் விட்டால் காரின் பெரும்பகுதி தெருவில்தான் நிற்கும்.

சாய்தளத்தின் கணக்கையும் சற்றே கவனிக்க வேண்டுகிறேன். எட்டடி நீளத்தில் ஓரடி உயர்வதே வண்டி ஏறுவதற்கு ஏற்ற சாய்வு. வீட்டின் தளம் தெருவைவிட இரண்டடி உயரமெனில் சாய்தளம் பதினாறு அடி நீளும். நம் தெருக்கள் பலவற்றின் மொத்த அகலமே அவ்வளவுதான்! ஆகவே வண்டி நிற்கும் இடத்தைத் தெரு மட்டத்துக்குச் சற்றே மேலாக வைத்து, மனைக்குள்ளேயே படி அமைத்து வீட்டுக்கு ஏறுவது நலம். செலவும் குறையும்.

எமது வட்டாரத்தில் ஓர் ஊரில், வடிகாலைக் கான்கிரீட்டால் அடைத்து அதன்மேல் சாய்தளம் அமைத்திருந்தார் ஒருவர். ஐப்பசி மழையில் நீர் தேங்கி, தாழ்வான கடைசி வீட்டினுள் புகுந்தது. அங்கே தனித்து வாழ்ந்த மூதாட்டியின் இரண்டு மூட்டை நெல் நனைந்து முளைவிட்டது. சாய்தளத்துக்கு உரியவர் வார்டு உறுப்பினர். அவ்வீட்டின் வரைபடத்தைப் பார்த்தவர்களுள் யானும் ஒருவன்; அறைகளை அளந்தேனேயன்றி வாயிலைக் கேட்டேனில்லை.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோர் சுயசான்று அளித்தே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நன்றே. ஆயினும் முன்கூட்டி எவரும் வந்து பாராத நிலையில், பொறுப்பு உடையவரின் தலையிலேயே விழுகிறது. எனவே கடைக்கால் தோண்டும் நாளில் வார்டு உறுப்பினர் சென்று எல்லையையும் வடிகாலையும் சுண்ணாம்புக் கோட்டால் குறித்துக் காட்டலாம். கட்டியபின் இடிக்கச் சொல்வது பகை; கட்டுமுன் சொல்வது உதவி.

வடிகாலைக் கடக்க வேண்டியவர்கள் தூக்கி எடுக்கத்தக்க சிமெண்டுப் பலகைகளை இடட்டும். தூர் வாரும்போது இருவர் சேர்ந்து அகற்றிவிடலாம். வாயிற்கதவு உட்புறமாகவே திறக்கட்டும். ஊராட்சிக்கும் ஒரு கடமை உண்டு. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுவதால் தெரு ஆண்டுதோறும் உயர்கிறது. அதற்கு அஞ்சியே மக்கள் வீட்டை மேலும் உயர்த்துகின்றனர். அடுத்த சாலைப் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே, சுரண்டும் செலவையும் அதில் சேர்க்கும்படி தீர்மானம் எழுதி அனுப்புங்கள்.