விளையாட்டுப் பாடவேளை: வாயால் கேட்டது போதும், எழுதிக் கேளுங்கள்

பள்ளிகளின் கால அட்டவணையில் உடற்கல்விக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அந்தக் கட்டத்தில் கணக்கும் அறிவியலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் தேர்வு நெருங்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. மன்னார்குடி, குடவாசல், திருத்துறைப்பூண்டி என்று திருவாரூர் மாவட்டத்தின் எந்த மூலையில் பெற்றோரைக் கேட்டாலும் இது தெரியும் என்பார்கள். டீக்கடையில் சொல்லி வருத்தப்படுவார்கள், பள்ளி வாசலில் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிறகு பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டில், விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றதும் அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். எழுதிக் கொடுக்க வேண்டிய நாளில் எழுதாமல் விட்டதுதான் இந்த அலைச்சலுக்குக் காரணம். வாயால் சொன்ன புகாருக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு எண் கிடையாது. கோப்பு எண் இல்லாத புகாருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் கழிப்பறை, குடிநீர், நூலகம் ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களைத் தர வேண்டும் என்பதும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உள்ளவைதான். தனியார் பள்ளிகளையும் இந்த அட்டவணை கட்டுப்படுத்தும். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்குத் துறையின் ஆணைகளும் கால அட்டவணையும்தான் துணை. அதனால்தான் அவர்களுடைய பாடவேளை எளிதாகப் பறிபோகிறது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைப் பொது மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அமைச்சரின் வேண்டுகோளை நம்பிக் காத்திருப்பதால் பாடவேளை திரும்பக் கிடைக்காது.

விளையாட்டால் மதிப்பெண் குறையும் என்பதுதான் பெற்றோரே முன்வைக்கும் முதல் மறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்கிறது. அதனால் கிடைக்கும் பலன்களுள் உடல்நலத்தோடு அறிவுத்திறனையும் பள்ளித் தேர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. அந்த அளவை எட்டாத வளரிளம் பருவத்தினர் உலகம் முழுவதும் 80 விழுக்காட்டுக்கும் மேல். வாரத்துக்கு இரண்டு பாடவேளை கொடுத்தாலே இந்த அளவில் கால் பங்குகூடத் தேறாது. அதையும் எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? இன்னொரு மறுப்பு, வயலும் வாய்க்காலுமாக இருக்கும் பிள்ளைக்குத் தனி விளையாட்டு எதற்கு என்பது. நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்ட காலம் இது. வெண்ணாற்றங்கரைப் பிள்ளையும் பள்ளி வேனில் போய்வந்து, மாலையில் டியூஷனில் உட்கார்ந்து, இரவில் செல்போனோடு படுக்கிறான். பெண் பிள்ளைக்கோ பூப்பெய்திய பிறகு திடலுக்குள் கால் வைக்கவே வழியில்லை. அவளுக்கு மிஞ்சியிருப்பது பள்ளிக்குள் கிடைக்கும் அந்த ஒரு பாடவேளைதான்.

இங்கே வடுவூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பறவைகள் சரணாலயத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஊர் கபடிக்கும் பெயர்பெற்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். மாவட்டமே பெருமைப்பட்டது, பெருமைப்படவும் வேண்டும். ஆனால் வடுவூரில் கபடியை ஊரே தூக்கிப் பிடிக்கிறது. அப்படி ஓர் ஊர்ப் பழக்கம் இல்லாத இடங்களில் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வாசல் இல்லை. பதக்கம் வாங்கப்போகும் ஒருவனுக்காக மட்டும் இந்தப் பாடவேளையைக் கேட்கவில்லை. ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கும் அது உரியது.

இனி, செய்ய வேண்டிய வேலை. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைவரும் பெற்றோர்தான். பல ஊர்களில் இந்தக் குழுவின் கூட்டம் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப்போவதோடு முடிந்துவிடுகிறது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்குப் போய்த் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். 'உடற்கல்வி சரியாக நடக்க வேண்டும்' என்று எழுதினால் அது காற்றோடு போய்விடும். எந்த வகுப்புக்கு, எந்தக் கிழமை, எத்தனையாவது பாடவேளை உடற்கல்விக்கு உரியது, அதை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது, மாற்றினால் அதே வாரத்தில் ஈடு செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். தேதியும் தீர்மான எண்ணும் இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் இட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். அதே கூட்டத்தில் விளையாட்டு மானியத்தையும் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருளுக்கு உண்டு. மத்திய அரசு 2024-25ஆம் ஆண்டுக்கான நிதியை நிறுத்திவைத்ததைக் காரணம் காட்டி 'பணமே வரவில்லை' என்று பதில் வரலாம். அந்த ஆண்டுக்கு அது நியாயமான பதில்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வாங்கிய பந்தும் வலையும் எங்கே என்பதற்கு அது பதில் ஆகாது. இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிய பீரோவுக்குள் காற்றிறங்கிக் கிடக்கும் கைப்பந்தைப் பிள்ளைகள் விளையாடக் கொடுப்பதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

தீர்மானம் போட்டும் நடக்கவில்லையா? பெரும்பாலோர் நேராக ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனுவோடு போகிறார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி அதே தலைமையாசிரியரிடம் வந்து, 'குறை களையப்பட்டது' என்று எழுதி மூடப்படுகிறது. முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கீழே மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் என்று ஓர் அலுவலர் இருக்கிறார். இந்த வேலைக்கென்றே உள்ள பதவி அது. அப்படி ஒருவர் இருப்பது பாதிப் பெற்றோருக்குத் தெரியாது, தெரியப்படுத்த எந்த அலுவலகமும் மெனக்கெட்டதும் இல்லை. மனுவை முதன்மைக் கல்வி அலுவலர் பெயருக்கு எழுதி, உடற்கல்வி ஆய்வாளருக்கு நகலிட்டு, தீர்மானத்தின் நகலை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மெட்ரிக் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு போக வேண்டும். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவை மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். அப்படி வந்த புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிவு திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

ஆள் இல்லை என்பது அதிகாரிகளின் நிரந்தரப் பதில். 2012இல் ஓவியம், கணினி, உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தி, வாரத்துக்கு மூன்று அரை நாள் வரச் சொன்னார்கள். பலர் விலகிப்போனார்கள், மிஞ்சியவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே இருந்தார்கள். இப்படி நடத்திவிட்டு ஆள் இல்லை என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். இருந்தாலும் ஆசிரியர் வரும்வரை பிள்ளைகள் வகுப்பறையிலேயே கிடக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டத்தில் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மாணவத் தலைவர்களும் அமர்த்தப்படுகிறார்கள். பல பள்ளிகளில் அது பெயர்ப் பலகையோடு நிற்கிறது. பந்தை எடுத்துக் கொடுப்பது, அணி பிரிப்பது, நடுவராக நிற்பது, பொருளை எண்ணித் திரும்ப வைப்பது ஆகியவற்றை அந்தத் தலைவர்களிடம் விட்டு, வகுப்பாசிரியர் ஒருவர் உடனிருந்தால் பாடவேளை நடக்கும். தலைமைப் பண்பு குறித்து மேடையில் பேசுவதைக் காட்டிலும், தோற்ற அணியைச் சண்டையில்லாமல் திடலைவிட்டு அழைத்துவருவதில் ஒரு பிள்ளை அதை அதிகம் கற்றுக்கொள்ளும்.

பள்ளிக்கு வெளியே ஊர்த் திடல். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், சம்பா அறுவடையில் நெல் காயும். இவை நம் மண்ணுக்கு உரியவை, சில வாரத்தில் தீரும். தீராதது ஆக்கிரமிப்பு. திடலின் புல எண்ணைக் கண்டுபிடித்து, அரசின் இணையவழிச் சேவையில் அ பதிவேட்டைப் பாருங்கள். என்ன வகைப் புறம்போக்கு என்பது அதில் இருக்கும். குளம், வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அதைத் திடலாகக் கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மற்றபடி ஆக்கிரமிப்பை அகற்றும் மனு வட்டாட்சியருக்குப் போக வேண்டும். கலைஞர் பெயரிலான விளையாட்டுப் பொருள் தொகுப்பை 2024இலிருந்து ஊராட்சிகளுக்கு அரசு வழங்கியது. இந்த மாவட்டத்தில் மட்டும் 430 ஊராட்சிகள் உள்ளன. உங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு யார் வீட்டில் இருக்கிறது என்று கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாள்கள். தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊர்களில் அவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இளைஞர்கள் மன்றம் தொடங்கினால் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளட்டும், ஏழு பேர் போதும். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல என்பதால், எந்த மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும் என்று பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு விஷயத்தில் கண்மூடித்தனமாக இருக்கிறார்கள். 2021இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்ற புகாரில் போக்சோ சட்டத்தில் கைதானார். பயிற்சியாளர் யார், எந்த அமைப்பு, பெண் பிள்ளைகளோடு வெளியூர் போகும்போது உடன் செல்லும் பெண் யார் என்று கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. பிள்ளை சொன்னதை ஊர் மானம் என்று மூடி மறைக்காதீர்கள். குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கடைசியாகச் சான்றிதழ். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும், அரசு வேலையில் 3 விழுக்காடும் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தந்திருக்கிறார்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகளுக்கு 14, 17, 19 வயதுப் பிரிவுகள் உள்ளன. பிறப்புச் சான்றில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறு, பள்ளிப் பதிவில் வேறு என்றால் திடலுக்குள் இறங்கும் முன்பே பிள்ளை வெளியேற்றப்படும். ஜூன் மாதமே மூன்றையும் ஒத்துப்பார்த்துத் திருத்திவிடுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கான முன்பதிவு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில்தான். கடைசி நாள் போனால் போனதுதான். பணம் வாங்கிக்கொண்டு 'தேசிய அளவிலான' சான்றிதழ் தரும் பெயர் தெரியாத சங்கங்களிடம் ஏமாறாதீர்கள், அந்தத் தாள் கலந்தாய்வில் செல்லாது. சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 'ஏன் நடத்தவில்லை' என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவருக்குக் கடமை இல்லை. கால அட்டவணை, உடற்கல்வி ஆசிரியரின் அனுமதிக்கப்பட்ட பணியிட விவரம், மூன்று ஆண்டு விளையாட்டு மானியத்தின் வரவு செலவு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்த மூன்று நாள்கணக்கையும் விண்ணப்பத்தின் நகலிலேயே எழுதி வையுங்கள்.