உங்களுக்குத் தெரியுமா? ஓர் எழுத்துப்பிழை 2 கோடி டொலரைக் காப்பாற்றியது

2016 பெப்ரவரி. பங்களாதேஷ் மத்திய வங்கியில் திருடிய 2 கோடி டொலர் இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. ‘பவுண்டேஷன்’ என்பதைத் திருடர்கள் ‘பண்டேஷன்’ என்று எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த டொய்ச் வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. பணம் நின்றது. அதே திருட்டில் பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடி 10 லட்சம் டொலரில் பெரும்பகுதி திரும்பவே இல்லை.

• திருடர்கள் விரித்த வலை, வேலை கேட்டு வந்த ஒரு சாதாரண மின்னஞ்சல்.

• இதே கும்பல் பேஸ்புக், கூகுள் அனுப்பும் பாதுகாப்பு எச்சரிக்கைகளை அச்சு அசலாகப் போலி செய்தது என்கிறது 2018 இல் அமெரிக்கா தொடுத்த வழக்கு.

• லிந்துலையில் லயத்து வாசலில் நின்று பார்க்கும் போனுக்கும் அப்படி ஒன்று வரலாம்: “24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு முடங்கும்.” பதற வேண்டாம். அனுப்பியவர் பெயரைத் தொடுங்கள், மின்னஞ்சல் முகவரி தெரியும். ‘ஓ’ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பூச்சியம் இருக்கிறதா? மடலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும்.

• கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே மாற்றுங்கள். ஓடிபி கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. பிறகு இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்புக்கு: 101.