மந்திரி குமாரி முதல் வொண்டர் வுமன் வரை: பிரசாரம் சுமந்த நாயகிகள்

மக்கள் மனத்தில் ஏற்கெனவே இடம்பிடித்த ஒரு கதாநாயகியைக் கொண்டு அரசியல் கருத்தைச் சொல்லவைப்பது பிரசாரத்தின் பழைய உத்திகளுள் ஒன்று. புதிய கொள்கையை மக்கள் காதில் போட நாளாகும். நாயகிக்கு அந்தத் தாமதம் இல்லை. அவள் பெயரைச் சொன்னதுமே கேட்பவர்கள் அவள் பக்கம் நிற்கிறார்கள். காமிக்ஸ் புத்தகங்களின் வீரப்பெண்களை வைத்து அமெரிக்காவிலும் ஐக்கிய நாடுகள் சபையிலும் நடந்த முயற்சிகள் உலகறிந்தவை. தமிழில் இதற்கு மிக நெருக்கமான நிகழ்வு 1950இல் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் உருவானது. அந்தப் படம் ‘மந்திரி குமாரி’.

படத்தின் நாயகி அமுதவல்லிக்கு மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. கதையை உரைகளின் வழியாகவும் பாலி மொழி பௌத்த நூல்களின் வழியாகவும்தான் அறிய முடிகிறது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் திருடனைக் கண்டு ஒரு செல்வ வீட்டுப் பெண் காதல் கொள்கிறாள். அவனை மீட்டு மணம் முடித்துவைக்கிறார்கள். பின்னொரு நாள் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லப் பார்க்கிறான். சாவதற்கு முன் கணவனை வலம்வந்து வணங்க வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்ததும் அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு, ஊர்வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டு, வாதம் செய்ய யாரும் வரலாம் என்று அறைகூவுகிறாள். கடைசியில் பௌத்தம் அவளை ஈர்க்கிறது.

இந்த நாயகி தொடக்கத்திலேயே பிரசாரத்துக்காகப் படைக்கப்பட்டவள் என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டலகேசி பௌத்தத்தின் குரல். அதற்கு மறுப்பாகச் சமணர்கள் ‘நீலகேசி’யை எழுதினார்கள். அதன் நாயகி பேயாக இருந்து, முனிவர் ஒருவரிடம் அறம் கேட்டுச் சமணம் ஏற்றவள். அவள் வாதில் முதலில் வெல்வது குண்டலகேசியைத்தான். ஒரு தரப்பு தன் நாயகியைக் களமிறக்கினால் மறுதரப்பு தன் நாயகியால் பதில் சொல்லும் வழக்கம் தமிழில் அவ்வளவு பழையது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர் மு. கருணாநிதி. நாடகமாக எழுதியதை மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் படமாக்கினார். சுந்தரத்துடன் சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆர். தளபதி; மாதுரி தேவி அமுதவல்லி; எஸ்.ஏ. நடராஜன் கொள்ளைக்காரக் கணவன் பார்த்திபன், எம்.என். நம்பியார் ராஜகுரு. படம் வந்தபோது கருணாநிதிக்கு வயது 26. திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சேலமும் அந்த அரசியலுக்குப் புதிய ஊர் அல்ல. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான்.

அரசியல் கதையில் எங்கே நுழைந்தது என்பதை ஒரு காட்சியில் தெளிவாகக் காணலாம். கொள்ளையடித்துப் பிடிபட்ட பார்த்திபன் விசாரணைக்கு நிறுத்தப்படுகிறான். அவனுடைய தந்தையான ராஜகுருவின் பேச்சைக் கேட்டு, தேவி சிலையின் முன் விசாரணை நடக்கிறது. சிலை பேசுகிறது, பார்த்திபன் நிரபராதி என்கிறது. பேசியது தேவி அல்ல, அவன்மேல் காதல் கொண்டு சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அமுதவல்லி. அரசனும் சபையும் அதைத் தெய்வவாக்கு என்று ஏற்கிறார்கள். குற்றவாளி விடுதலையாகிறான், நேர்மையான தளபதி நாடுகடத்தப்படுகிறான். மதத்தின் பெயரால் அரசை ஆட்டிவைப்பவர்களைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேச வேண்டியதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட்ட காட்சி இது. பாமர ரசிகருக்கும் அதற்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

பலர் நினைப்பதுபோல் புரோகிதரின் மகனைத் திருடனாக்கியது கழகத்தின் கற்பனை அல்ல. பாலி உரைகளிலேயே அந்தத் திருடன் அரச புரோகிதரின் மகன்தான். புதிதாகச் சேர்ந்தது தந்தையின் சூழ்ச்சி. துணைப்பாத்திரமாகக்கூட இல்லாத புரோகிதர் இங்கே கதையின் முதல் வில்லனாகிறார். மலையுச்சிக் காட்சியோ பழைய கதையில் இருந்தபடியே இருக்கிறது. கணவன் கொடியவன் என்று தெரிந்ததும் அவனைத் தள்ளிவிடும் பெண்ணை 1950இல் தமிழ் ரசிகர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். கருத்தும் நாயகியின் செயலும் ஒரே திசையில் போனதுதான் அந்த வெற்றிக்குக் காரணம். காதலில் ஏமாந்து பொய்வாக்குச் சொன்னவளும் அவளே, பொய்யனைத் தண்டித்தவளும் அவளே.

அதே இயக்கம் பின்னாளில் கொடியாக உயர்த்திப் பிடித்த நாயகி வேறொருத்தி. கணவனைக் கொன்ற அமுதவல்லியைப் படைத்தவரே, கணவனுக்காக ஊரை எரித்த கண்ணகியை 1964இல் ‘பூம்புகார்’ படத்துக்காக எழுதினார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலை எழுந்தது. 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட சிலை, ஆட்சி மாறியதும் 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அந்த ஆண்டுகளில் சிலையின் இருப்பும் இன்மையும் எந்தக் கட்சி ஆள்கிறது என்பதன் அடையாளமாகியிருந்தன. ஆனால் தமிழின் பெருமை என்று கண்ணகியை நிறுத்தியபோது, கற்பு என்ற சுமையும் அவளோடு சேர்ந்தே ஏறியது. பெரியார் சிலப்பதிகாரத்தைக் கடுமையாகச் சாடியது இதற்காகத்தான். அவருடைய வழிவந்தோர் சிலைக்குத் தேர்ந்தெடுத்தது கண்ணகியை. அமுதவல்லிக்குப் பீடம் கிடைக்கவில்லை. கட்சி வளர வளர, பெரும்பான்மையை உறுத்தாத நாயகியே அதற்குத் தேவைப்பட்டாள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

காமிக்ஸ் உலகில் இந்த உத்தியின் முழு வரலாற்றையும் வொண்டர் வுமன் ஒருத்தியின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1941இல் அவளைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பெண்களின் தலைமைக்காகச் செய்யும் பிரசாரமே இவள் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். முதல் ஓவியர் எச்.ஜி. பீட்டர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட காலத்துக் கேலிச்சித்திரங்களோடு தொடர்புடையவர். சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெண் அதை அறுத்தெறியும் படம் அந்த இயக்கத்தின் சின்னங்களுள் ஒன்று. வொண்டர் வுமன் கதைகளில் சங்கிலி திரும்பத் திரும்ப வருவதன் வேர் அங்கே இருக்கிறது. 1943இலேயே ஒரு கதை அவளை அமெரிக்க அதிபர் பதவிக்கு நிறுத்தியது. 1972 ஜூலையில் ‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழ் அதே முழக்கத்தோடு அவளை அட்டையில் போட்டது. 1998இல் யுனிசெஃப் உதவியோடு வெளியான சிறப்பிதழில், சூப்பர்மேனும் அவளும் மத்திய அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கண்ணிவெடியைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

இத்தனையும் எடுபட்டன. எடுபடாமல் போனது 2016இல் நடந்தது. பெண்கள், சிறுமிகள் மேம்பாட்டுக்கான கௌரவத் தூதராக ஐ.நா. அவளை அக்டோபர் 21 அன்று அறிவித்தது. திரையில் அவளாக நடித்த லின்டா கார்ட்டரும் கேல் கடோட்டும் விழாவுக்கு வந்திருந்தார்கள். அதே வளாகத்தில் ஐ.நா. ஊழியர்கள் சிலர் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பு மனுவில் ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கக் கொடியை நினைவூட்டும் குட்டை உடையும், பாலியல் கவர்ச்சிக்கென வரையப்பட்ட உடலும் உலகப் பெண்களுக்குப் பொதுவாக முடியாது என்பது அவர்கள் வாதம். இன்னொரு கோபமும் அதற்குப் பின்னால் இருந்தது. பொதுச்செயலர் பதவிக்கு அந்த ஆண்டு பல பெண்கள் போட்டியிட்டும், அக்டோபரிலேயே அன்டோனியோ குட்டெரெஸ் தேர்வாகியிருந்தார். உயிருள்ள பெண்களுக்குக் கிடைக்காத இடத்தைக் காகிதப் பெண்ணுக்குக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? டிசம்பர் 16 அன்று, இரண்டு மாதம்கூட நிறைவதற்குள், தூதர் பொறுப்பு முடிவுக்கு வந்தது.

சேலத்து அமுதவல்லியோடு ஒப்பிட்டால் காரணம் விளங்கும். அமுதவல்லி கதைக்குள்ளேயே ஏமாந்து, உணர்ந்து, செயல்பட்டாள். கருத்து அந்தச் செயலில் இருந்தது. ஐ.நா. எடுத்துக்கொண்டது கதையை விட்டுவிட்டு, உருவத்தை மட்டும். அடிமைச் சங்கிலியை அறுத்தவள் என்ற வரலாறு விழா மேடையில் கண்ணில் படவில்லை, உடைதான் பட்டது.

இந்தியாவில் இதே காலத்தில் வேறொரு வழி முயலப்பட்டது. 2012 டிசம்பர் தில்லிக் கூட்டு வன்புணர்வுக்குப் பின் எழுந்த போராட்டங்களைக் கண்ட ராம் தேவினேனி, ஓவியர் டேன் கோல்ட்மனோடு சேர்ந்து ‘பிரியாவின் சக்தி’ என்ற காமிக்ஸை 2014இல் வெளியிட்டார். பிரியா வன்புணர்வுக்கு ஆளாகி, குடும்பத்தாலும் ஊராலும் ஒதுக்கப்பட்ட கிராமத்துப் பெண். பார்வதியின் அருளால் துணிவு பெற்று, தன்னை மிரட்டிய புலியையே வாகனமாக்கி ஊர் திரும்புகிறாள். அடியாட்களை அடித்து வீழ்த்துவது அவள் ஆற்றல் அல்ல. பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடும் ஊரின் வாயை அடைப்பதே அவள் வேலை. 2016இல் வந்த இரண்டாம் பகுதி அமிலவீச்சுக்கு ஆளான பெண்களைப் பற்றியது. 2019இல் வந்தது பெண்கள் கடத்தலைப் பற்றியது. 2020இல் கொரோனாவையும் பிரியா பேசினாள். அந்தப் பகுதியில் பாகிஸ்தானின் கார்ட்டூன் நாயகியான புர்கா அவெஞ்சரும் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

பிரசாரத்துக்கென்றே பிறந்ததால் பிரியாவிடமிருந்து எதையும் வெட்டியெறிய வேண்டியிருக்கவில்லை. கண்ணகிக்கும் குண்டலகேசிக்கும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பாசம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. பார்வதியையும் புலியையும் கதைக்குள் கொண்டுவந்தது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். வாசகர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் துர்க்கை படத்தின் சாயலிலேயே பிரியா புலிமேல் வருகிறாள்.